சாணைக்கல்லுக்குச் சாணை: டிரஸ்ஸிங் என்பது உண்மையில் என்ன?

பணிமனைகளில் நாளுக்குப் பலமுறை காதில் விழும் சொற்களில் ஒன்று ‘டிரஸ்ஸிங்’. “வீலை ஒரு தடவை டிரஸ் பண்ணிட்டு ஓட்டு” என்று மூத்தவர் சொல்வார். புதிதாகச் சேர்ந்த இளைஞர் வைர முனையைச் சுழலும் சாணைச் சக்கரத்தின்மீது இரண்டு முறை இழுத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அவர் செய்தது என்ன என்று அங்கிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சக்கரத்தில் ஒட்டியிருந்த அழுக்கை எடுத்தார் என்பார் ஒருவர். மேடுபள்ளத்தைச் சமப்படுத்தினார் என்பார் இன்னொருவர். சக்கரத்தை வழவழப்பாக்கினார், அப்போதுதான் ஜாப்பும் (இழைக்கப்படும் உலோகத் துண்டும்) வழவழப்பாக வரும் என்பார் மூன்றாமவர். முதல் இரண்டு விடைகளிலும் பாதி உண்மை உண்டு. மூன்றாவது விடை வேலையையே கெடுக்கக்கூடிய பிழை.

இந்தக் குழப்பம் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. மேற்பரப்பு எரிந்து போன ஜாப்புகள், அச்சில் (டையில்) ஏறிய சில நாட்களிலேயே விளிம்பு உதிரும் ‘பஞ்ச்’கள் (தகட்டைத் துளையிடும் எஃகுக் கருவிகள்), “இந்த வீல் சரியில்லை” என்று காரணம் தெரியாமலே ஒதுக்கி வைக்கப்படும் நல்ல சக்கரங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு டிரஸ்ஸிங்கைப் பற்றிய தவறான புரிதலே வேர். ஐ.டி.ஐ. முடித்து, கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமுக்குள் நுழைபவருக்கும், வீட்டுக் கொட்டகையில் பெஞ்ச் கிரைண்டர் வைத்திருப்பவருக்கும் விளங்கும்படி இதை அடியிலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

அம்மி கொத்துபவரிடமிருந்து தொடங்குவோம்

“அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனவர்களை நடுவயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் மிளகாயும் தேங்காயும் அரைத்த அம்மி, மேற்பரப்பு தேய்ந்து பளபளவென்று ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மசாலா அரைபடாமல் குழவியின் கீழே வழுக்கி ஓடும். கைக்கு வலி அதிகமாகும், அரைக்கும் நேரம் இரட்டிப்பாகும். அப்போது அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவர் சிற்றுளியையும் சுத்தியலையும் எடுத்து, கல்லின் முகம் முழுவதும் நெருக்கமாகப் புள்ளி புள்ளியாகக் கொத்திவிடுவார். கல்லில் அழுக்கு எதுவும் இல்லை. அவர் சுத்தம் செய்யவும் இல்லை. மழுங்கிப்போன கல்லுக்குப் பல் வைத்துக் கொடுத்தார்.

இதில் கவனிக்கத்தக்க செய்திகள் சில உண்டு. கொத்துவதால் கல்லின் ஒரு பகுதி தூளாகிப் போகிறது. கூர்மைக்கு அதுதான் விலை. உளியின் கொத்து நெருக்கமாக விழுந்தால் மாவு நைஸாக வரும், விலகி விழுந்தால் கரகரப்பாக அரைபடும். கொத்தி முடித்த அம்மியில் உடனே சட்னி அரைக்க மாட்டார்கள். கொஞ்சம் அரிசியையோ தவிட்டையோ அரைத்துக் கொட்டிய பிறகே புழங்குவார்கள், ஏனென்றால் பாதி பெயர்ந்து தொங்கும் கல்துகள் முதலில் உதிர வேண்டும். இவை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஃகை இழைக்கும் சக்கரத்துக்கும் இவை ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது

அம்மி ஒரே கல். சாணைச் சக்கரம் அப்படியல்ல. அது எண்ணற்ற சிறு உளிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. அதில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது சாணைத்துகள்: எஃகைவிடக் கடினமான, கூரிய விளிம்புகள் கொண்ட படிகத் துணுக்கு. இரண்டாவது பிணைப்பு: துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பசை போன்ற பொருள்; பட்டறையில் இதை ‘பாண்ட்’ என்பார்கள். மூன்றாவது இடைவெளி: துகளுக்கும் துகளுக்கும் நடுவே விடப்பட்ட வெற்றிடம்.

துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கான் கார்பைடு. அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைக்கும்போது அதற்குக் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற சொல்லே தமிழின் குருந்தத்திலிருந்து போனதுதான். 1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் குட்ரிச் அச்செசன் மின்சூளையில் சிலிக்கான் கார்பைடைத் தயாரித்தபோது, கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். அவருடைய எண்ணம் தவறு, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் நம் பட்டறைகளில் ‘கார்போரண்டம் கல்’ என்று சொல்லும் ஒவ்வொருவரும், அறியாமலே ஒரு பழைய தமிழ்ச் சொல்லின் பாதியை உச்சரிக்கிறார்கள்.

பிணைப்பு பல வகைப்படும். துல்லிய வேலைக்கான சக்கரங்களில் மிகுதியும் காண்பது, களிமண்ணும் கண்ணாடித் தன்மையுள்ள தாதுக்களும் கலந்து சூளையில் சுட்டெடுத்த பிணைப்பு. அது பானை ஓட்டைப் போன்றது. உறுதியாகப் பிடிக்கும், ஆனால் வளையாது, அழுத்தம் மிகுந்தால் நொறுங்கும். இந்த நொறுங்கும் குணம் குறையன்று. டிரஸ்ஸிங் சாத்தியமாவதே இதனால்தான்.

இடைவெளியின் பங்கை யாரும் நினைப்பதில்லை. ஒவ்வொரு துகளும் எஃகிலிருந்து ஒரு நுண்ணிய சீவலை எடுக்கிறது. சாணைத்தூளை நல்ல பூதக்கண்ணாடியில் பார்த்தால், லேத்தில் விழுவதைப் போன்ற சுருண்ட சீவல்கள் தெரியும். சீவப்பட்ட உலோகம் துகள் எஃகைவிட்டு வெளியே வரும்வரை தங்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் இடைவெளி. சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் உள்ளே போவதும் அதன் வழியாகவே.

ஆகவே சக்கரம் தேய்ப்பதில்லை, வெட்டுகிறது. துகள் உளி, பிணைப்பு அந்த உளியின் கைப்பிடி, இடைவெளி சீவல் விழும் கூடை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

சக்கரம் எப்படிக் கெடுகிறது

உளி எதுவானாலும் வெட்ட வெட்ட மழுங்கும். துகளின் கூர்முனை தேய்ந்து தட்டையானதும் அது எஃகுக்குள் இறங்க மறுத்து மேலேயே உராயும். உராய்வு வெப்பமாக மாறும். தட்டையான துகள்கள் பெருகப் பெருகச் சக்கரத்தின் முகம் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கும். இதற்குக் ‘கிளேஸ் ஆவது’ என்று பெயர். பளபளக்கும் அம்மி இதுதான்.

இரண்டாவது கேடு வேறு வகை. அலுமினியம், செம்பு, பித்தளை போன்ற மென்மையான உலோகங்களை இழைக்கும்போது, சீவல் கூடையிலிருந்து விழாமல் அங்கேயே அப்பிக்கொள்ளும். இடைவெளி அடைபட்டுவிட்டால் துகள் கூராக இருந்தும் பயனில்லை. ஜாப்புக்கும் துகளுக்கும் நடுவே ஒட்டிய உலோகமே உராயும். இதை ‘லோடிங்’ என்பார்கள். சக்கரத்தின் முகத்தில் உலோகப் பொட்டுகள் மின்னுவதைக் கண்ணாலேயே காணலாம். டிரஸ்ஸிங் என்றால் சுத்தம் செய்வது என்ற எண்ணம் இதைப் பார்த்தே வந்திருக்க வேண்டும். கிளேஸான சக்கரத்திலோ எடுப்பதற்கு அழுக்கே இருப்பதில்லை.

மூன்றாவது கேடு வடிவம் இழப்பது. சக்கரத்தின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட விரைவாகத் தேயும். கூரான மூலை உருண்டு போகும். சில இடங்கள் மேடாகவும் சில இடங்கள் பள்ளமாகவும் மாறும். படி அறுத்த ஜாப்பில் உள்மூலை தொண்ணூறு பாகையில் வராமல் வளைவாக வருவதற்கு இதுவே காரணம்.

சக்கரத்துக்கு இயல்பிலேயே ஒரு மருந்தும் உண்டு. துகள் மழுங்கினால் அதன்மீது விசை கூடும். விசை ஓர் அளவைத் தாண்டினால், துகளே பிளந்து புதிய விளிம்பைக் காட்டும், அல்லது பிணைப்பு முறிந்து துகள் உதிர்ந்து அடியிலுள்ள புதிய துகளுக்கு வழிவிடும். இது சக்கரம் தன்னைத் தானே தீட்டிக்கொள்வது. பிணைப்பு துகளை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் குறிப்பதே ‘கிரேடு’. சக்கரத்தின் லேபிளில் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரையுள்ள எழுத்துகளில் ஒன்றாக அது அச்சிடப்பட்டிருக்கும், தொடக்க எழுத்துகள் மென்மையானவை, கடைசி எழுத்துகள் கடினமானவை. இங்கேதான் புதியவர்கள் வழக்கமாக இடறுவார்கள். கடினமான எஃகுக்குக் கடினமான கிரேடு வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கடினமான எஃகு துகளை விரைவில் மழுக்கும். மழுங்கிய துகள் விரைவில் உதிர வேண்டுமானால் பிணைப்பு இளகியதாக இருக்க வேண்டும். ஆகவே கடினமான எஃகுக்கு மென்மையான கிரேடு, மென்மையான எஃகுக்குக் கடினமான கிரேடு.

இந்த இயல்பான தீட்டல் முழுமையானதாக இருந்தால் டிரஸ்ஸிங்கே தேவைப்படாது. ஆனால் அது நாம் விரும்பும் இடத்தில், விரும்பும் அளவில் நடப்பதில்லை. துகள் தாராளமாக உதிர்ந்தால் வடிவம் போகும். உதிர மறுத்தால் கிளேஸ் ஆகும். மைக்ரான் கணக்கில் அளவு பிடிக்கும் வேலையில், சக்கரம் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டு வேலைகள், ஒரே பெயர்

நாம் பொதுவாக டிரஸ்ஸிங் என்று சொல்வதற்குள் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. சக்கரம் சுழலும் அச்சுக்குச் சரியாக வட்டமாகவும், முகம் வேண்டிய வடிவத்திலும் இருக்கும்படி செய்வது ‘ட்ரூயிங்’. மழுங்கிய துகளை நீக்கி, இடைவெளியைத் திறந்து, கூரான துகளை வெளியே நிறுத்துவது ‘டிரஸ்ஸிங்’. ஒன்று வடிவத்தைப் பற்றியது, மற்றது கூர்மையைப் பற்றியது.

புதுச் சக்கரத்தைச் சுழல்தண்டில் மாட்டியதும் முதலில் தேவைப்படுவது ட்ரூயிங். நடுத்துளைக்கும் தண்டுக்கும் இடையே சிறிது தளர்வு இருப்பதால், எவ்வளவு கவனமாக மாட்டினாலும் சக்கரம் ஒரு முடியளவாவது கோணிச் சுழலும். அதைச் சரிசெய்யாமல் இழைத்தால் சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டுமே ஜாப்பைத் தொட்டுத் தொட்டு விலகும். ஜாப்பின் முகத்தில் அலையலையாகக் கோடுகள் விழும். புதுச் சக்கரத்துக்கு டிரஸ்ஸிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சூளையில் சுட்ட சாதாரண சக்கரங்களில் வைர முனையை ஓட்டும்போது இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் நடந்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இதுவே காரணம். ஆனால் வடிவம் சரியாக இருந்தும் மழுங்கிய சக்கரம் உண்டு. கூராக இருந்தும் கோணலான சக்கரமும் உண்டு.

வைரம் செய்யும் வேலை

எஃகுக் கைப்பிடியின் நுனியில் பதித்த ஒற்றை வைரம் இந்த வேலைக்கு மிகப் பரவலான கருவி. சக்கரத்தின் மேல்தோலை அந்த வைரம் கத்தி வெண்ணெயைச் சீவுவதுபோல் சீவுவதாகப் பலர் கற்பனை செய்கிறார்கள். நடப்பது மோதல். வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் வரும் துகள்கள் அசையாத வைரத்தின்மீது ஒவ்வொன்றாக இடிக்கின்றன. சில துகள்கள் உடைந்து புதிய விளிம்பு பெறுகின்றன. சில, பிணைப்பு முறிந்து முழுதாகப் பெயர்கின்றன. இடைவெளியில் அடைத்திருந்த உலோகமும் அவற்றோடு போகிறது. மிஞ்சி நிற்பது புதிதாக உடைந்த கூரிய விளிம்புகளின் காடு. அம்மி கொத்துபவரின் உளி இங்கே நிலையாக நிற்க, கல் வந்து மோதுகிறது, வேறுபாடு அவ்வளவே.

வைரத்தை நிறுத்தும் முறையில் சில கட்டாயங்கள் உண்டு. கைப்பிடியைச் சக்கரத்தின் மையத்தை நோக்கி நேராக வைக்காமல், சக்கரம் சுழலும் திசையில் முனை சாய்ந்திருக்கும்படி 10 முதல் 15 பாகை வரை சாய்த்துப் பொருத்த வேண்டும். ஜாப்பைக் காந்தத்தால் பிடிக்கும் மேக்னடிக் சக்கின்மேல் வைர ஹோல்டரை வைத்து டிரஸ் செய்யும் சர்ஃபேஸ் கிரைண்டரில் (தட்டையான முகங்களை இழைக்கும் இயந்திரத்தில்), முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் கடிகாரத் திசையில் சுழன்றால், வைரம் சக்கர மையத்துக்குச் சற்று இடப்புறம் இருக்க வேண்டும். காரணம் எளியது: சக்கரத்தின் அடிப்பகுதி இடப்பக்கமாக ஓடுகிறது; ஹோல்டர் தப்பித் தவறி நகர்ந்துவிட்டாலும் சக்கரத்தை விட்டு விலகித்தான் போகும். வலப்புறம் வைத்திருந்தால் அதே ஹோல்டர் சக்கரத்துக்கு அடியில் இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும், சக்கரம் உடையும். இந்த ஒரு விதியைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சக்கரத்தின் நடுப்பகுதியே பெரும்பாலும் உயர்ந்த இடமாக இருப்பதால், வைரத்தை அங்கே மெதுவாகத் தொட வைத்துத் தொடங்குவது நல்லது. ஓரத்தில் தொடங்கினால், நடுவுக்கு வரும்போது எதிர்பாராத ஆழத்தில் வைரம் இடித்துச் சிதையக்கூடும். பிறகு ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 0.02 மி.மீ. அளவுக்கு இறக்கினால் போதும். கடைசி ஓட்டத்துக்கு 0.01 மி.மீ. வைரம் உலகிலேயே கடினமான பொருள்தான், ஆனால் வெப்பமும் திடீர்க் குளிர்ச்சியும் அதற்குப் பகை. கூலண்ட் பயன்படுத்துவதானால் வைரம் சக்கரத்தைத் தொடும் முன்பே கூலண்ட் ஓடத் தொடங்கி, முடியும்வரை நிற்காமல் ஓட வேண்டும். சூடேறிய வைரத்தின்மீது நடுவில் கூலண்டைத் திறந்துவிட்டால் வைரம் விரிசல் விடும்.

உழவுச் சாலும் வைரத்தின் நடையும்

டிரஸ்ஸிங்கில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதி இதுதான். பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்து போவதும் இதைத்தான். வைரம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பார்க்கிறோம். சக்கரத்தின் அகலத்தைக் குறுக்கே கடக்க அது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

உழவை நினைத்துப் பாருங்கள். சாலுக்குச் சால் இடைவெளி விட்டு உழுதால் மண் கட்டி கட்டியாகப் புரளும். சாலின் மேல் சால் படும்படி நெருக்கி உழுதால் மண் புழுதியாகும். சுழலும் சக்கரத்தின் குறுக்கே நகரும் வைரமும் திருகுபுரிபோல் ஒரு சாலை இழுத்துக்கொண்டே போகிறது. வைரத்தின் முனை சக்கரத்தைத் தொடும் அகலத்தை, சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் வைரம் நகரும் தூரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ‘ஓவர்லாப் விகிதம்’ என்று பெயர். எளிமையாகச் சொன்னால், சக்கரத்தின் ஒரே இடத்தை வைரம் எத்தனை முறை கொத்துகிறது என்பதே அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய சர்ஃபேஸ் கிரைண்டரில் 200 மி.மீ. விட்டமும் 13 மி.மீ. அகலமும் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2,800 முறை சுழல்வதாகக் கொள்வோம். வைர முனை தொடும் அகலம் 0.4 மி.மீ. என்போம். வைரத்தை நிமிடத்துக்கு 560 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால், ஒரு சுழற்சிக்கு அது 0.2 மி.மீ. நகர்கிறது, ஓவர்லாப் விகிதம் 2. சக்கரத்தின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 1.4 வினாடி. அதே வைரத்தை நிமிடத்துக்கு 140 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால், சுழற்சிக்கு 0.05 மி.மீ.; விகிதம் 8, கடக்கும் நேரம் ஏறத்தாழ 5.6 வினாடி.

இந்த நான்கு வினாடி வேறுபாடு சக்கரத்தின் குணத்தையே மாற்றிவிடும். விகிதம் 2 என்ற வேக நடையில் துகள்கள் முரட்டுத்தனமாக உடைந்து, முகம் திறந்து, சக்கரம் எஃகை ஆழமாகவும் குளிர்ச்சியாகவும் வெட்டும். ஜாப்பின் முகம் கரகரப்பாக இருக்கும். விகிதம் 8 என்ற மெதுவான நடையில் ஒவ்வொரு துகளும் பலமுறை இடிபட்டு, நுனிகள் ஒரே மட்டத்துக்கு வந்து, இடைவெளி குறையும். ஜாப்பின் முகம் வழவழப்பாக வரும், ஆனால் சக்கரம் ஆழமாக வெட்டாது, சீக்கிரம் சூடேறும். ஆகவே அதிகமாக உலோகத்தை எடுக்க வேண்டிய ரஃப் வேலைக்கு 2 அல்லது 3, ஃபினிஷ் வேலைக்கு 6 முதல் 8 என்பது நல்ல தொடக்கம். ஒரே சக்கரத்தை மாற்றாமலே, நடையை மட்டும் மாற்றி, இரண்டு சக்கரங்களாகப் பயன்படுத்தலாம் என்பதைப் புரிந்துகொண்டவர் அலமாரியில் இருக்கும் சக்கரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்.

விகிதம் 1க்கும் கீழே போனால், வைரம் சில இடங்களைத் தொடாமலே தாண்டும். சக்கரத்தில் திருகு மரைபோல் கோடு விழுந்து, அது ஜாப்பிலும் பதியும். மறுபுறம், வைரத்தைச் சக்கரத்தின்மீது நகர்த்தாமல் நிறுத்தி வைத்தாலோ, இறக்காமல் நான்கைந்து முறை சும்மா ஓட்டினாலோ, டிரஸ்ஸிங் செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே சக்கரத்தைக் கிளேஸ் ஆக்குகிறோம். வழவழப்பான சக்கரமே நல்ல சக்கரம் என்று நம்புபவர்கள் விரும்பிச் செய்யும் தவறு இது.

இன்னொன்றும் இதே கணக்கில் ஒளிந்திருக்கிறது. வைரமும் தேயும். முனை தட்டையாகித் தொடும் அகலம் 0.4 மி.மீட்டரிலிருந்து 0.8 மி.மீட்டராகிவிட்டால், இயக்குபவர் கைவேகத்தைச் சற்றும் மாற்றாமலே ஓவர்லாப் விகிதம் இரட்டிப்பாகிவிடும். “நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது, இன்றைக்கு என்னவோ எரிக்கிறது” என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்தத் தேய்ந்த வைரம் இருக்கும். அதனால்தான் கைப்பிடியை அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள். அப்போது புதிய விளிம்பு சக்கரத்தைத் தொடும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: டிரஸ்ஸிங்கில் ஆழம், நடைவேகம், வைரத்தின் கூர் என்ற மூன்றும் சேர்ந்து சக்கரம் எப்படி வெட்டும் என்பதை முடிவு செய்கின்றன. வேகமான நடை திறந்த, கூரிய முகத்தைத் தரும். மெதுவான நடை மூடிய, மென்மையான முகத்தைத் தரும்.

எப்போது செய்ய வேண்டும்

காதுதான் முதலில் சொல்லும். கூரான சக்கரம் எஃகைத் தொடும்போது சீரான ‘சர்’ ஒலி வரும். மழுங்கியதும் ஒலி கனத்து, சில சமயம் கீச்சிடும். தீப்பொறி குறையும், ஏனென்றால் பொறி என்பது காற்றில் எரியும் சீவல்தான்; சீவல் குறைந்தால் பொறியும் குறையும். மோட்டாரின் சுமை கூடும். இறக்கிய அளவுக்கு உலோகம் போகாமல் சக்கரம் ஜாப்பைத் தள்ளிக்கொண்டு ஓடும். கடைசியாக, ஜாப்பின்மீது நிறம் தெரியும்.

இந்த நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஃகின் பரப்பு சூடேறும்போது மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, சுமார் 220 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சளும், 300 பாகை அளவில் நீலமும் காட்டும். கடினப்படுத்திய எஃகில் இந்த நிறம் தெரிந்தால், அந்த இடத்தில் கடினம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், அவசரமாகக் கேட்ட ஒரு பஞ்சை, சக்கரம் பளபளத்துக் கிடந்தும் டிரஸ் செய்ய நேரம் ஒதுக்காமல் இழைத்தேன். முகத்தில் பழுப்பு நிறம் படர்ந்தது. கடைசியில் மெல்லிய ஓட்டம் ஒன்று ஓட்டி நிறத்தை எடுத்துவிட்டேன். பார்ப்பதற்குக் குறையேதும் தெரியவில்லை. அச்சில் ஏறிய பிறகு அதன் விளிம்பு உதிர்ந்தது. திரும்பி வந்த பஞ்சை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சக்கரம் ஓடிய திசைக்குக் குறுக்காக மயிரிழை விரிசல்கள் வரிசையாக இருந்தன. நிறத்தை அழித்துவிடலாம்; வெப்பம் உள்ளே செய்த கேட்டை அழிக்க முடியாது என்பதை அந்தப் பஞ்ச் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆகவே நிறம் தெரியும்வரை காத்திருப்பது தாமதம். இத்தனை ஜாப்புக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து, கேடு தெரியும் முன்பே டிரஸ் செய்வதே பாதுகாப்பு.

அடிக்கடி டிரஸ் செய்தால் சக்கரம் தீர்ந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. துல்லிய வேலைகளில் எஃகை வெட்டுவதில் தேய்வதைவிட டிரஸ்ஸிங்கில் போகும் சக்கரமே பெரும்பாலும் அதிகம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 200 மி.மீ. சக்கரத்தை 140 மி.மீ. விட்டம் வரை பயன்படுத்தினால், ஆரத்தில் 30 மி.மீ. கிடைக்கிறது. ஒரு டிரஸ்ஸிங்குக்கு 0.02 மி.மீ. வீதம் மூன்று ஓட்டம் என்றால் 0.06 மி.மீ. போகும். அப்படியானால் ஒரு சக்கரத்தில் 500 டிரஸ்ஸிங் உண்டு. ஒரு டிரஸ்ஸிங்கை மிச்சப்படுத்தப் போய் ஒரு பஞ்சை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. உண்மையான வீணடிப்பு வேறிடத்தில் இருக்கிறது: ஒரே முறையில் 0.1 மி.மீ. இறக்கி, நல்ல துகள்களையும் சேர்த்துப் பெயர்த்து எறிவது. அதனால் வைரமும் சீக்கிரம் போகும்.

பெஞ்ச் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு

லேத் டூலும் உளியும் தீட்டும் சாதாரணப் பெஞ்ச் கிரைண்டருக்கு ஒற்றை வைரம் கட்டாயமில்லை. நட்சத்திர வடிவில் பற்கள் கொண்ட எஃகுச் சில்லுகள் ஒரு கைப்பிடியில் தளர்வாகச் சுழலும்படி பொருத்திய ‘ஸ்டார் டிரஸ்ஸர்’ போதுமானது. கைப்பிடியைத் தாங்கு பலகையில் நன்றாக ஊன்றி, சக்கரத்தின்மீது உறுதியாக அழுத்திக் குறுக்கே நகர்த்தினால், சில்லுகள் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று மழுங்கிய துகள்களை நசுக்கிப் பெயர்க்கும். சக்கரத்தைவிட மென்மையான எஃகு எப்படிச் சக்கரத்தைப் பெயர்க்கும் என்று கேட்கலாம். சில்லுகள் துகளை வெட்டுவதில்லை. பானை ஓட்டைப் போன்ற பிணைப்பைத் தட்டி நொறுக்குகின்றன. லேசாகத் தொட்டால் சில்லுகள்தான் தேயும். உறுதியாக அழுத்தினால் சக்கரம் பெயரும். சிறு வேலைகளுக்குச் சிலிக்கான் கார்பைடு குச்சிகளும் கிடைக்கின்றன.

முடிந்ததும் தாங்கு பலகையைச் சக்கரத்தை நோக்கி நகர்த்தி, இடைவெளி 3 மி.மீட்டருக்கு மிகாமல் வையுங்கள். சக்கரம் சிறுத்திருப்பதால் இடைவெளி கூடியிருக்கும், அதில் ஜாப் இறங்கிச் சிக்கினால் பெரும் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டிரஸ்ஸிங் செய்யவே கூடாது. உலர்ந்த நிலையில் செய்தால் முகக்கவசமும் தேவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மணற்கல் சக்கரங்களில் கத்தியும் முள்கரண்டியும் தீட்டிய தொழிலாளர்கள், கல்தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்தார்கள். இன்றைய சக்கரங்கள் மணற்கல்லால் ஆனவை அல்ல; இருந்தாலும் சாணைத்தூள் நுரையீரலுக்குள் போவது எக்காலத்திலும் நல்லதல்ல.

வைரச் சக்கரத்துக்கு மட்டும் தனி வழி

துகளே வைரமாகவோ, ‘சி.பி.என்.’ எனப்படும் கனசதுரப் போரான் நைட்ரைடாகவோ உள்ள சக்கரங்களும் உண்டு. வைரத்தை அடுத்த கடினமுள்ள சி.பி.என்., 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் முதன்முதலாக உருவாக்கியது. கார்பைடு டூலுக்கு வைரச் சக்கரம், கடினப்படுத்திய எஃகுக்குச் சி.பி.என். என்பது பொது வழக்கு. மிகுந்த சூட்டில் வைரத்திலுள்ள கார்பன் இரும்போடு சேர்ந்து கரைந்து வைரம் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் எஃகுக்கு வைரச் சக்கரம் ஏற்றதல்ல.

மேலே பிரித்துச் சொன்ன இரண்டு வேலைகளும் இங்கே உண்மையிலேயே தனித்தனியாக நடக்கின்றன. முதலில், சிலிக்கான் கார்பைடு சக்கரம் பொருத்திய தனிக் கருவியைக் கொண்டு ட்ரூயிங் செய்து வட்டத்தையும் வடிவத்தையும் சரிப்படுத்துவார்கள். அது முடிந்ததும் துகளும் பிணைப்பும் ஒரே மட்டத்தில் வழுவழுவென்று நிற்கும். வடிவம் துல்லியமாக இருக்கும், ஆனால் சக்கரம் எதையும் வெட்டாது. பிறகு அலுமினியம் ஆக்சைடு குச்சியைச் சுழலும் சக்கரத்தில் ஊட்டுவார்கள். குச்சியிலிருந்து உதிரும் தூள் துகளைத் தொடாமல், துகள்களுக்கு நடுவேயுள்ள பிணைப்பை மட்டும் அரித்து எடுக்கும். துகள் தலைநீட்டும், சீவல் விழ இடம் பிறக்கும். குச்சி முதலில் எதிர்ப்பின்றி மெதுவாகத் தேயும். துகள்கள் வெளிவந்துவிட்டதும் சக்கரம் குச்சியைச் சரசரவென்று தின்னத் தொடங்கும். அந்த மாற்றம் கைக்குத் தெளிவாகத் தெரியும். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

எந்தச் சக்கரமானாலும் டிரஸ்ஸிங் முடிந்தவுடன் முதல் ஓட்டத்தைக் கடைசி அளவு பிடிக்கும் ஜாப்பில் ஓட்ட வேண்டாம். பாதி உடைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் அந்த ஓட்டத்தில் உதிரும், சில ஜாப்பின் முகத்தில் கீறலாகவும் பதியும். பக்கத்தில் ஒரு பழைய எஃகுத் துண்டை வைத்து இரண்டு ஓட்டம் ஓட்டிவிட்டு, ஒலி சீரானதும் ஜாப்பை வையுங்கள். கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டுவதும் இதற்காகத்தான்.